ஷான்யூவின் வாசல்

ஷியோங்னு மக்கள் தங்கள் பேரரசரை ஷான்யூ என்று அழைத்தார்கள். அவருடைய கூடாரத்துக்குள் நுழையும் சீனத் தூதர், அதிகாரக் கோலை வெளியே வைத்துவிட்டு முகத்தில் மை பூசிக்கொள்ள வேண்டும். அது அந்தப் புல்வெளியின் வழக்கம்.

புதிய தூதன் ஷென் போ அதற்கு இணங்கவில்லை. எல்லைப் போரில் பிடிபட்டவர்களைப் பௌர்ணமியன்று வடக்கே கொண்டுபோக இருந்தார்கள். அவர்களில் அவன் தம்பியும் ஒருவன்; அதற்குள் ஷான்யூவிடம் பேசி அவர்களை மீட்கவே அவன் வந்திருந்தான்.

"நேற்றும் இதே வெள்ளை முகத்தோடுதானே வந்தீர்?" என்றான் காவலன், மைக் கிண்ணத்தை நீட்டியபடி. "வேறு முகம் கொண்டுவரவில்லையா?"

ஷென் திரும்பி நடந்தான். லூ யான் அவனுக்காகக் காத்திருந்தார். சீன இளவரசி ஷான்யூவை மணந்தபோது தோழியாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர்; தூதர்களுக்கு இந்நாட்டு முறைகளைக் கற்பிப்பவர். ஷென்னைவிட வயதில் இளையவர்.

"அம்மையே, இந்த முகம் எங்கள் பேரரசருடையது. இதில் எப்படி மை பூசுவேன்?"

"நேற்று உம் தம்பிக்காக அழுதீரே, அது யாருடைய முகம்?"

ஷென்னின் முகம் சிவந்தது. "எவர் முன்னும் குனியாத ஷான்யூவுக்காக நான் ஏன் குனிய வேண்டும்?"

"விடிவதற்குள் வாரும். நாக்கைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டு வாரும்."

விடியலில் புல்வெளி முழுவதும் குதிரைகள் நின்றன. கண்ணுக்கெட்டும் தூரம்வரை வீரர்கள். ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை.

ஷான்யூ தனியாக வெளியே வந்தார். தலையில் ஒன்றும் இல்லை. கிழக்கு நோக்கி நடந்து நின்றார். சூரியன் எழுந்தது. அத்தனை குதிரைகளுக்கும் உரியவர் மண்டியிட்டு, உறைபனி படிந்த நிலத்தில் நெற்றியை வைத்தார்.

குதிரைகளும் மூச்சை அடக்கியதுபோல் இருந்தது. முழங்காலில் ஈரம் ஏறிய பிறகுதான், தானும் மண்டியிட்டிருப்பதை ஷென் உணர்ந்தான்.

ஷான்யூ எழுந்தார். நெற்றியில் கறுப்பாக மண் அப்பியிருந்தது. அப்படியே அவர்களைக் கடந்து கூடாரத்துக்குள் போனார்.

"நெற்றியில் மண்," என்று கிசுகிசுத்தான் ஷென். "துடைத்துவிட அவருக்கு ஓர் ஆள்கூடவா இல்லை?"

"அவரும் அந்த வாசல் வழியாகத்தானே உள்ளே போக வேண்டும்," என்றார் லூ யான்.

ஷென் எழுந்து வாசலுக்கு நடந்தான். கோலைக் காவலனிடம் கொடுத்துவிட்டு, கிண்ணத்துக்குள் இரண்டு கைகளையும் விட்டான்.

"ஒரு விரல் போதும், ஐயா," என்றான் காவலன் மெதுவாக.