கவிராயர் மனசிலிருந்த கவிதை

மேலக்காட்டு ஜமீனில் சடாட்சரக் கவிராயர் என்று ஒருவர் இருந்தார். அவர் மேடையில் கவிதை சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து மாடத்தி உடுக்கை அடிப்பாள்.

புது ஏரி நிரம்பிய அன்று, "ஏரிமேல் புதுசா ஒரு கவிதை சொல்லும்" என்றார் ஜமீன்தார். கரையில் ஊரே கூடிவிட்டது. கவிராயரோ முதல் நாள் விருந்து மயக்கத்தில் ஓர் அடிகூடக் கட்டவில்லை.

மேடையேறியவர் கம்பீரமாகக் கண்ணை மூடினார். "கவிதை என் மனசில் தயார். அதற்கேற்ற தாளத்தை இவள் முதலில் அடிக்கட்டும். அப்போதுதான் வாய் திறப்பேன். தெரியாவிட்டால் இவளை வேலையைவிட்டு அனுப்பிவிடுங்கள்!"

மாடத்தி உடுக்கையை எடுத்தாள். ஒரு தாளம் அடித்தாள்.

"தப்பு!" என்றார் கவிராயர்.

வேறு தாளம் அடித்தாள். அதுவும் தப்பு. மூன்றாவதும் தப்பு. ஜமீன்தார் முகம் சுளித்தார்.

மாடத்தி அவரைக் கும்பிட்டாள். "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும் சாமி. எந்த இடத்துல தப்புனேன்னு, கவிதையில அந்த ஒரு அடியை மட்டும் சொல்லிக் காட்டச் சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

"நியாயம்தானே, சொல்லும்" என்றார் ஜமீன்தார்.

கவிராயர் ஏரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "குரல் கட்டிக்கொண்டது" என்று முனகினார்.

"அதனாலென்ன ஐயா, என் காதுல சொல்லுங்க. நான் சத்தமாச் சொல்லிடுறேன்."

வேறு வழியில்லாமல் கவிராயர் குனிந்து கிசுகிசுத்தார். மாடத்தி நிமிர்ந்தாள். உடுக்கையை உருட்டி அடித்து, ஊருக்கே கேட்க முழங்கினாள்:

"மாடத்தி தாயே, என் மானத்தைக் காப்பாத்து!"

"அட, தாளத்துக்குச் சரியா நிக்குதே!" என்றார் ஜமீன்தார்.