நன்மாறனின் மருந்து கிடைக்கும் இடம்

மருந்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு பிலோமினா தலைமை விஞ்ஞானி. அவரிடம் வேலை பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மருந்தை முதன்முதலில் மனிதருக்குக் கொடுக்கும் முன்னால், அதைக் கண்டுபிடித்தவரே அதற்கு எதிரியாகி, அது எங்கே கேடு செய்யும் என்று தேடி ஒரு சோதனை செய்துவிட வேண்டும்.

நன்மாறன் உயிர்வேதியியல் படித்தவர். காதோரம் நரைத்துவிட்டது. எட்டு வருஷமாக ஒரே ஒரு மூட்டுவலி மருந்தோடு மல்லுக்கட்டியிருந்தார். எலிக்கு அது ஒத்துக்கொண்டது. இன்று காலை மனிதருக்கு. மாத்திரையை முதலில் சாப்பிட முன்வந்தவர்கள் கீழ்த்தளத்தில் காத்திருந்தார்கள்.

நன்மாறன் பிலோமினாவின் கதவைத் தட்டினார். கையில் சோதனைத் தாள் இருந்தது.

"மேடம், எதிரிச் சோதனை முடிவு வந்திருச்சு. மனுஷக் கல்லீரல் செல்லுல மருந்து வேற ஒண்ணா மாறிடுது. எலிகிட்ட அப்படி மாறல. செல்லெல்லாம் செத்துப்போச்சு."

"திரும்பப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அதேதான்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

பிலோமினா தொலைபேசியை எடுத்தார். "கீழ யாரும் மாத்திரையைத் தொட வேண்டாம். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிருங்க."

அவ்வளவுதான். மருந்தின் கதை முடிந்தது.

நன்மாறன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்கூடப் படிச்சவன் மருந்து விக்கப் போனான். அவன் வித்தது ஊரெல்லாம் இருக்கு. நான் ஆராய்ச்சின்னு வந்தேன். 'அப்பா, உங்க மருந்து எந்தக் கடையில கிடைக்கும்'னு என் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா. நான் எதைக் காட்டுவேன் மேடம்?"

"வாங்க, கீழ போவோம்" என்றார் பிலோமினா.

கீழே, மாத்திரை சாப்பிட வந்திருந்த பெயின்டர் காசிராஜன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார், வெறும் வயித்தோட வரச் சொன்னீங்க. இப்ப மாத்திரையும் இல்ல, இட்லியும் இல்லையா?"

"கேன்டீன்ல இட்லி சொல்லியாச்சு" என்றார் பிலோமினா.

"அப்பச் சரி. உங்க மாத்திரைக்கு இட்லி எவ்வளவோ தேவலை!"

எல்லோரும் சிரித்தார்கள். தன்னை அறியாமல் நன்மாறனுக்கும் சிரிப்பு வந்தது.

சாப்பிட்டு முடித்தவர்கள் வாசலைத் தாண்டினார்கள். நன்மாறனும் பிலோமினாவும் ஜன்னலோரம் நின்றார்கள். தூரத்தில் பஸ் வந்தது. காசிராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். படியில் தொற்றி ஏறியவர், பின்னால் வந்தவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"நல்லா ஓடுறாரு" என்றார் நன்மாறன்.

பஸ் நகர்ந்தது.

"மேடம், நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே. என் பொண்ணுகிட்ட எந்தக் கடையைக் காட்டட்டும்?"

"கடை எதுக்கு?" என்றார் பிலோமினா. "அந்த பஸ்ஸைக் காட்டுங்க."