லானும் அவ எருமைக்கன்னும்

ஒரு காலத்துல, கடலோர ராச்சியம் ஒண்ணுல லான்னு ஒருத்தி இருந்தா. வியட்நாம் தேசத்துல பொறந்தவ. கப்பல்காரன் ஒருத்தனைக் கட்டிக்கிட்டு இங்க வந்தா, வந்த ரெண்டாம் வருஷமே அவன் கடலோட போயிட்டான். மிச்சம் ஒரே ஒரு எருமைக்கன்னு. அதோட தாயும் வெள்ளத்துல போயிடுச்சு, இவதான் கஞ்சி ஊத்தி வளர்த்தா. நாளைக்கு அது பால் கறந்தாத்தான் இவளுக்குச் சோறு.

ஒருநாள் மேயப் போன கன்னு திரும்பல. தேடிப் போனா, பெரிய பண்ணைக்காரன் பொன்னுரங்கம் கொட்டில்ல கட்டிக் கிடக்கு.

"ஐயா, அது என் கன்னு."

"போ போ, இது என் எருமை போட்ட கன்னு."

மறுநாளும் போனா, விரட்டினான். மூணாம் நாளும் போனா, நாயை ஏவி விட்டான். அவ அழல. நேரா அரண்மனைக்கு நடந்தா.

ராஜா பொன்னுரங்கத்தையும் வரவழைச்சு நிறுத்திட்டு, "சாட்சி உண்டாம்மா?"ன்னு அவகிட்ட கேட்டார்.

"இல்லை மகாராஜா. எங்க ஊர்ல எருமைக்கன்னு 'ங்யே ஓ'ன்னு கத்தும்பாங்க. அப்படித்தான் அதைக் கூப்பிடவும் செய்வோம். நான் கூப்பிட்டா என் கன்னு வரும்."

சபையே சிரிச்சுது. "எருமை எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதானே கத்தும்?"ன்னான் மந்திரி.

"கத்துறது ஒண்ணுதான் ஐயா, கேக்குற காதுதான் வேற. உங்க நாய் லொள் லொள்ளுங்கும், எங்க நாய் கௌ கௌங்கும்."

ராஜா மட்டும் சிரிக்கல. "நாளைக்குக் கன்னோட வாங்க"ன்னுட்டார்.

பொன்னுரங்கம் என்ன பண்ணினான் தெரியுமா? வீட்டுக்குப் போய் பொழுது சாயுற வரைக்கும் 'ங்யே ஓ, ங்யே ஓ'ன்னு கத்திப் பழகினான். பொண்டாட்டி பயந்துபோய் அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டா.

மறுநாள் நடு மைதானத்துல கன்னை அவுத்து விட்டாங்க. பொன்னுரங்கம் முந்திக்கிட்டு "ங்யே ஓ"ன்னான். கன்னு புல்லு மேஞ்சுது. இன்னும் சத்தமாக் கூப்பிட்டான். வாலை ஆட்டுச்சு. தொண்டை கிழியக் கூப்பிட்டான். திரும்பி நின்னு சாணி போட்டுச்சு. சிரிக்காதே, கேளு.

லான் முன்னால வந்து, 'ங்யே'யை மேல தூக்கி, 'ஓ'வை அடிவயித்துக்கு இறக்கி, ஒரே ஒரு தடவை கூப்பிட்டா. கன்னு காதை நிமித்துச்சு, கூட்டத்தைப் பொளந்துக்கிட்டு ஓடியாந்து அவ வயித்துல மூக்கை வச்சுது. அப்பத்தான் அவ அழுதா.

ராஜா கேட்டார், "பொன்னுரங்கம், உன் வீட்டுல பொறந்த கன்னை எதுக்குய்யா அவ பாஷையில கூப்பிட்ட?"

அவன் தடால்னு ராஜா காலுல விழுந்தான்.

"சரி, கன்னோட தாய் உன் எருமைன்னியே, தாயையும் கன்னையும் பிரிக்கக் கூடாது. அந்த எருமையையும் இவ வீட்டுல கட்டிட்டு வா."

அதை அவனே கயிறு பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்க் கட்டிட்டு வந்தான். கேக்க நாதியில்லாதவள்னு நினைச்சுக் கை வச்சான், அவன் கொட்டில்ல மாடு கட்டுற முளை ஒண்ணு காலியாச்சு. லான் அடுப்புல பால் பொங்குச்சு, என் கதையும் பொங்கி அடங்குச்சு.