கடலைக் கொல்லைக்குத் தார்ப்பாய்

வெள்ளெலிப்பட்டிக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் பலவிதமாகப் பேசுவார்கள். சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

தண்ணீர் இல்லாத ஊர் அது. மலையடி ஊற்றுக்குக் குடத்தோடு நடக்க வேண்டும். அங்கே ஒரு வேளாண்மை அதிகாரி, வெளிநாட்டு உதவியில் வந்த புது ரகக் கடலை விதையோடு வந்து சேர்ந்தார். ஊர்க்காரி அஞ்சலாட்சியின் கடலைக் கொல்லையை வரப்புப் போட்டு இரண்டாகப் பிரித்தார். வடக்கே புது விதை, தெற்கே பழைய விதை. அறுவடை சமயத்தில் வெளிநாட்டு அம்மாள் ஒருவர் பார்வையிட வருவார், இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் ஊருக்கு ஆழ்துளைக் கிணறு கிடைக்கும் என்றார். தெற்குப் பக்கம் போன வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

கிணறு என்றதும் ஊருக்கே நாக்கில் ஈரம் ஊறியது.

போன வருஷம் தெற்குப் பக்கத்தில் பக்கத்து ஊர் ஆடு ஒன்று புகுந்து மேய்ந்திருந்தது. இந்த வருஷம் வரக் காணோம். ஊர்த்தலைவர் பொன்னுரங்கம் ஆளனுப்பி ஆட்டை வரவழைத்து, மேயவிட்டு, மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்.

அப்புறம்தான் பெரிய சங்கடம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. போன வருஷமோ சொட்டு மழை கிடையாது. ஊர் கூடியது.

“தெக்கால மழ பேஞ்சா போன வருசம் மாதிரி இருக்காதே, தலைவரே,” என்றாள் அஞ்சலாட்சி.

“இருக்காது. கெணறும் போயிடும். எடுங்க தார்ப்பாய,” என்றார் தலைவர்.

மழை பெய்தபோதெல்லாம் ஊரே கொல்லையைச் சுற்றி நின்று தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தது. வீட்டுக் கூரையடியில் ஒரு குடம் வைக்கக்கூட ஆளில்லை. தார்ப்பாயில் வழிந்த தண்ணீர் மொத்தமும் வடக்கே போய்த் தேங்கியது. வடக்கைப் பற்றி அதிகாரி ஒன்றும் சொல்லவில்லையே, அதனால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அறுவடைக்கு அம்மாள் வந்தார். வடக்கே புது விதை அழுகிக் கிடந்தது. தெற்கே, ஆடு வைத்த மிச்சம் கருகிக் கிடந்தது. வித்தியாசம் எங்கே என்று அம்மாள் கேட்டார். அதைத் தமிழில் சொல்வதற்குள் அதிகாரிக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது, பாவம்.

“நல்லாப் பாருங்கம்மா,” என்றார் தலைவர். “அது தண்ணியில செத்துது. இது தண்ணியில்லாம செத்துது. இதுக்கு மேல என்ன வித்தியாசம் வேணும்?”

ஆட்டை வரவழைத்ததையும் தார்ப்பாய் பிடித்ததையும் அவர் சொல்லச் சொல்ல, அதிகாரி மொழிபெயர்த்தார். அம்மாள், இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதைச் செய்கிற ஊரை வேறெங்கும் பார்த்ததில்லை என்று சொல்லிக் கிணற்றுக்குச் சம்மதித்தார். கிணற்றால் என்ன பலன் என்று பார்க்க அடுத்த வருஷமும் வருவதாகச் சொன்னார்.

கிணறு போட்டதும் தண்ணீர் பீறிட்டது. ஊர் மறுபடி கூடியது.

“தெக்குத் தெரு பழையபடி இருந்தாத்தான அந்தம்மாவுக்கு வித்தியாசம் தெரியும்?” என்றாள் அஞ்சலாட்சி.

நியாயம்தான் என்று ஊருக்கு நடுவே வரப்புப் போட்டார்கள். வடக்குத் தெரு குழாயில் தண்ணீர் பிடிக்கிறது. தெற்குத் தெரு அந்தக் குழாயைத் தாண்டி, குடத்தோடு ஊற்றுக்கு நடக்கிறது. வரப்பு தலைவரின் வீட்டுக்குள்ளேயே புகுந்து போகிறது. அவர் அடுக்களையில் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கிறார். வாசலுக்கு வந்ததும், போன வருஷம் போலவே தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.