ஆமணக்கு விரித்த கை

செடிகொடிகளும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஆமணக்கின் இலை தாமரை இலைபோல வட்டமாகத்தான் இருந்தது. கொட்டையில் விஷமும் கிடையாது. பிள்ளைக்கு வயிறு கட்டிக்கொண்டால் ஒரு கொட்டையை நசுக்கிக் கொடுப்பார்கள், சரியாகிவிடும்.

அந்த நல்ல குணமே அதற்கு வினையாகிப் போனது. வயிற்றில் ஒரு கோளாறும் இல்லாதவர்கள்கூட வந்து தின்றார்கள். ஆடு, காக்கை, அணில் என்று ஒன்று பாக்கியில்லை. மண்ணில் விழுந்து முளைக்க ஒரு விதை மிஞ்சவில்லை. எத்தனை நாள்தான் பொறுக்கும்? பக்கத்துப் புற்றிலிருந்த நல்லபாம்பைக் கூப்பிட்டது.

“அண்ணே, என் வம்சமே அத்துப்போயிடும் போலிருக்கு. துளி விஷம் குடுண்ணே.”

“தர்றேன் தங்கச்சி. ஆனா விஷம் உட்கார இடம் வேணுமே. உன் பேச்சு இருக்கிற இடத்துலதான் அது உட்காரும். அப்புறம் நீ வாய் திறக்க முடியாது. யோசிச்சுக்க.”

“பேசி நான் என்னத்தைக் கண்டேன்! குடுண்ணே.”

மறுநாள் காலையில் பூவாத்தா ஓடி வந்தாள். ஆடு மேய்க்கிறவள். கோடையில் ஆமணக்குக்குத் தண்ணீர் ஊற்றியவள் அவள் ஒருத்திதான். வேறு யாருக்கும் அந்த எண்ணமே வந்ததில்லை. அவள் இடுப்பில் மகள் தேனு, வயிறு கல்லாக இறுகி, அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தாள்.

“ஆத்தா, எம்புள்ளையைக் காப்பாத்திக் குடு” என்று சொல்லி ஒரு கொட்டையைப் பறித்தாள். கல்லில் வைத்து நசுக்கிக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

ஐயோ! ஆமணக்கு பதறியது. ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்தான் அதனிடம் இல்லை. அப்போதுதான் அது அந்தக் காரியத்தைச் செய்தது. தன் வட்ட இலையை விளிம்பிலிருந்து காம்புப் பக்கமாகத் தானே கிழித்துக்கொண்டது. கிழிந்த இலை விரல் விரலாக விரிந்து பிள்ளையின் வாயை மூடியது.

பூவாத்தா திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள். கொட்டையைத் தின்ற அணில் ஒன்று செத்துக் கிடந்தது. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“இப்படிப் பண்ணிட்டியே! இனி மருந்துக்கு நான் எங்கே போவேன்?” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இலை விரித்தது விரித்தபடியே நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவள் அழுகை அடங்கியது. கொல்ல நினைக்கிறது இப்படி வந்து தடுக்குமா?

“விஷம் வந்தா வரட்டும், மருந்து எங்கேயும் போயிருக்காது” என்றாள்.

கொட்டைகளை வறுத்தாள், இடித்தாள், தண்ணீரில் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினாள். விஷம் சக்கையோடு கீழே தங்கிவிட்டது. எண்ணெய் மட்டும் மேலே மிதந்தது. அதை வழித்து முதலில் தான் குடித்தாள். பொழுது சாயும்வரை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மகளுக்குப் புகட்டினாள். வயிறு இளகியது. தேனு பசிக்கு வீறிட்டு அழுதாள். அதைக் கேட்டுப் பூவாத்தா சிரித்தாள்.

சக்கையை ஆட்டுக்குப் போடாமல் ஆமணக்கின் காலடியிலேயே புதைத்தாள். கிழிந்த இலையைத் தடவி, “வலிக்குதா ஆத்தா?” என்று கேட்டாள்.

ஆமணக்கைக் காய்ச்சி எண்ணெயாக எடுப்பதும், சக்கையை மாட்டுக்கு வைக்காமல் வயலுக்கு எருவாகப் போடுவதும் அந்த நாளிலிருந்துதான். கிழிந்த இலை அப்புறம் ஒட்டிக்கொள்ளவே இல்லை. இன்றைக்கும் வேலியோரத்தில் ஆமணக்கு விரல்களை விரித்து, வருகிற பிள்ளைகளையெல்லாம் தடுத்துக்கொண்டு நிற்கிறது. சொல்லத்தான் அதற்கு வாயில்லை.