அரையைக் காலால் வகுத்தபோது

வடிவுக்கரசிக்கு முப்பத்தொன்பது வயது. பதினோரு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். தபாலில் டிகிரி முடித்து பி.எட். சேர்ந்திருந்தாள். கற்பித்தல் பயிற்சிக்காக ஊரோரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு அவளை அனுப்பினார்கள். அங்கே அவளுக்கு வழிகாட்டி, கணக்கு டீச்சர் நஸ்ரின். வடிவுக்கரசியைவிட எட்டு வயது இளையவள்.

முதல் நாளே நஸ்ரின் சொன்னாள். "நீங்க என்னைவிடப் பெரியவங்க. அக்கான்னே கூப்பிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

வடிவுக்கரசி தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். வயதைச் சொல்லிக் காட்டுகிறாளோ?

ஏழாம் வகுப்புக்குப் பின்னங்களின் வகுத்தல். நஸ்ரின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். பாடம் முடிந்ததும் பாடக்குறிப்பேட்டை வாங்கி, கருத்து என்று போட்டிருக்கும் இடத்தில் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

'மாணவர்கள் அனைவரும் சரி என்றார்கள்.'

முதல் நாள் அதைப் பாராட்டு என்று நினைத்தாள் வடிவுக்கரசி. மறுநாளும் அதே வரி. மூன்றாம் நாளும். ஓர் எழுத்து மாறவில்லை.

அறிவியல் பாடத்துக்கு வந்திருந்த இன்னொரு பயிற்சி மாணவிக்கு அவளுடைய வழிகாட்டி பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். பலகையின் ஓரத்தில் எழுதாதே, குரலை உயர்த்து, பெயர் சொல்லிக் கேள். எல்லாம் திட்டுதான். ஆனாலும் அதைப் பார்த்து வடிவுக்கரசிக்குப் பொறாமையாக இருந்தது.

ஒரு நாள் அவள் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது, நஸ்ரினும் தலைமையாசிரியையும் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தினார்களா, இல்லை பேச்சே முடிந்துவிட்டதா? அன்று முழுக்க அதையே மனதில் போட்டுப் புரட்டினாள். மதிப்பெண் போடப்போவது நஸ்ரின். குறைத்துப் போட்டால் இன்னொரு வருஷம். கம்பெனி வேலையையும் விட்டாயிற்று. படிக்கப் போகிறேன் என்றதற்கு வீட்டுக்காரர் ஒரு தடவை சம்மதித்தார். இரண்டாம் தடவை சம்மதிப்பாரா?

பத்தாம் நாள் கேட்டேவிட்டாள்.

"மேடம், என் பாடத்துல என்னங்க குறை?"

"ஏன் கேக்கறீங்க?"

"தினமும் ஒரே வரி எழுதறீங்க. மனசுல எதையோ வெச்சுட்டு எழுதற மாதிரி இருக்குதுங்க."

நஸ்ரின் மறுக்கவில்லை.

"நாளைக்கு நான் பாடம் எடுக்கறேன். நீங்க என் இடத்துல உட்காருங்கக்கா."

மறுநாள் நஸ்ரின் பலகையில் எழுதினாள். அரையைக் காலால் வகு. வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும். பத்து நாளும் வடிவுக்கரசி சொல்லிக்கொடுத்தது அதைத்தான். நஸ்ரினோ காலை அப்படியே விட்டுவிட்டு, அரையைத் தலைகீழாக்கிப் பெருக்கினாள். விடை அரை என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள்.

அரைக்குள் கால் இரண்டு தடவை இருக்கிறது. விடை இரண்டு. கை தவறி எழுதிவிட்டாளா? இல்லை, நான் எழுந்து சொல்கிறேனா என்று பார்க்கிறாளா? சொன்னால் அதிகப்பிரசங்கி என்பாள். சொல்லாவிட்டால் கணக்குத் தெரியாதவள் என்பாள். வடிவுக்கரசி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சரியா?" என்றாள் நஸ்ரின்.

"சரிங்க டீச்சர்." முப்பத்தாறு பேரும்.

"பூவிழி, எப்படிச் சரி?"

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "நீங்க எழுதியிருக்கீங்களே டீச்சர்."

"நான் எழுதினது தப்பு."

முப்பத்தாறு பேரும் ரப்பரைத் தேடினார்கள். அழித்தார்கள். ஏன் தப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் வடிவுக்கரசி அவளை மறித்தாள். "என் லட்சணத்தைக் காட்டத்தானே இப்படிப் பண்ணீங்க?"

"இது யாரோட வகுப்புங்கக்கா?"

"உங்களோடது."

"ஜூன் மாசத்துல இருந்து நான்தான் எடுக்கறேன். நீங்க வந்து பத்து நாள்."

நஸ்ரின் வகுப்பின் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஒருத்தர்கூட இடறலை. ஒருத்தர்கூட முழிக்கலை. புரியாமலே சரிங்கறாங்களோன்னு முதல் நாளே எனக்குச் சந்தேகம். என் வகுப்போட குறையை உங்க நோட்டுல எப்படி எழுதறது? கண்ணுல பட்டதை மட்டும் எழுதினேன்."

அதையும் வடிவுக்கரசி முழுசாக நம்பவில்லை.

அடுத்த நாள் பாடத்தைத் தொடங்கும்போதே பிள்ளைகளிடம் சொன்னாள். "நான் எழுதறதுல எது தப்புன்னு தோணுதோ, எழுந்து கேளுங்க." முதல் கணக்குக்கு யாரும் எழவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதாக, ஆறை அரையால் வகுத்துப் பன்னிரண்டு என்று எழுதினாள்.

பூவிழி பாதி எழுந்து நின்றாள். "டீச்சர், இது தப்புங்க."

"எது?"

"வகுத்தா குறையணுமில்லைங்க? ஆறு எப்படிங்க பன்னெண்டாகும்?"

முகத்துக்கு நேரே பொய் சொல்கிறாய் என்று சொன்னதுபோல் வடிவுக்கரசிக்குக் காது சுட்டது. நஸ்ரின்தான் சொல்லிக்கொடுத்து எழுப்பிவிட்டாளோ என்று கடைசி பெஞ்சைப் பார்த்தாள். நஸ்ரின் அவளைப் பார்க்கவே இல்லை. பூவிழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்திலும் ஆச்சரியம்தான் இருந்தது.

விதி அப்படி, உட்காரு. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். பாடக்குறிப்பேட்டை மூடினாள். ஆறு தாள்களை எடுத்துப் பூவிழியிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் சரிபாதியாகக் கிழிக்கச் சொன்னாள். ஆளுக்கொரு பாதி. கொடுத்துக்கொண்டே போனதில் பன்னிரண்டு பேருக்கு வந்தது.

"ஆறு தாளுக்குள்ள எத்தனை அரைத் தாள் இருந்துச்சு?"

"பன்னெண்டுங்க." பூவிழி கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆனா தாள் சின்னதாப் போச்சுங்களே டீச்சர். அப்புறம் எப்படிங்க கூடினதாகும்?"

பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. அன்றைக்குத் திட்டமிட்ட எட்டுக் கணக்கில் மூன்றுதான் நடந்திருந்தது.

நஸ்ரின் பாடக்குறிப்பேட்டைக் கேட்டுக் கை நீட்டினாள். வடிவுக்கரசி உடனே கொடுக்கவில்லை.

"மூணு கணக்குதானுங்க முடிஞ்சுது."

"பார்த்தேன்."

"அந்தப் பொண்ணு இன்னமும் என்னை நம்பலைங்க மேடம். நாளைக்கும் எந்திரிச்சுக் கேக்கும். அதுகிட்ட என்னன்னு சொல்றது?"

நஸ்ரின் பேனாவைத் திறந்தாள்.

"நம்ப வேண்டாம்னு சொல்லுங்கக்கா."