கடைசிப் பந்தலின் தயிர்சாதம்

“முதல் பந்தலுக்குத் தயிர்சாதம், எங்க பந்தலுக்குப் புளிச்ச கூழா?”

மலைப்பாதையில் யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போடும் கடைசிப் பந்தலைப் பார்த்துக்கொள்ளும் செவந்தி இதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் திருப்பிக் கொண்டுவந்த அண்டா ஆசிரமச் சமையல்கட்டு வாசலில் நிறைந்தபடி இருந்தது.

அவள் கேட்டது தாண்டவமூர்த்தியிடம். தொழிற்சாலையில் எதை எப்போது செய்து எங்கே அனுப்புவது என்று திட்டம் போட்டே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றபின், ஆசிரமத்தை நடத்தும், தன்னைவிட வயதில் சின்னவரான சாமியம்மாவிடம் சீடராக வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? யாத்திரைக்காரர்களின் சாப்பாட்டுப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதுவரை கிட்டத்துப் பந்தல்களுக்குத் தயிர் விட்டுப் பிசைவார்கள். கடைசிப் பந்தலுக்குத் தனியாகப் பால் விட்டு, பேருக்குத் தயிர் தெளித்து, தனி வண்டியில் அனுப்புவார்கள். போய்ச் சேரும்போது பதமாகத் தோய்ந்திருக்கும். இவருக்கு அது வெட்டிவேலையாகப் பட்டது. எல்லாவற்றையும் சேர்த்தே பிசையுங்கள், ஒரே வண்டி போதும், ஒரு பந்தலில் பரிமாறி முடித்து அடுத்ததற்குப் போகட்டும் என்றார். விறகு மிச்சம், டீசல் மிச்சம். வெயில் மட்டும் அவர் திட்டத்தில் இல்லை.

கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு, தண்ணீரை மட்டும் குடித்து மலையேறினாளாம். குழந்தை பாலுக்கு அழுதுகொண்டே போனதாம். இதையும் செவந்திதான் சொன்னாள்.

தாண்டவமூர்த்தி சுடச்சுடச் சோறு வடித்து எடுத்துக்கொண்டு கடைசிப் பந்தலுக்கு ஓடினார். பந்தல் காலி. ஏறினவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி அப்படியே ஊர் போய்விடுவார்கள். இந்த வழியாக யாரும் திரும்புவதில்லை.

வந்து சாமியம்மாவின் எதிரில் உட்கார்ந்தார்.

“நீங்களாவது தடுத்திருக்கலாமே, அம்மா.”

“விறகு மிச்சம்னதும் எனக்கும் சந்தோஷமா இருந்தது. கடைசிப் பந்தலுக்கு எப்ப போய்ச் சேரும்னு நானும் கேக்கலை.”

அவர் தரையில் விரலால் மூன்று கோடு போட்டார்.

“செலவும் குறையணும், நேரத்துக்கும் போகணும், ருசியும் கெடக்கூடாது. எல்லாம் சேர்ந்து வராது போலிருக்கு. எதை விடட்டும்?”

சாமியம்மா எழுந்துபோய் வாசல் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, ஒரு இலையில் போட்டு அவர் முன்னால் வைத்தார்.

“எதை வேணா விடுங்க. விட்டதை முதல்ல நீங்க சாப்பிட்டுப் பாருங்க.”

ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடி விழுங்கினார். அடுத்த வாய்க்குக் கை எழவில்லை.

செவந்தி அண்டாவைக் கவிழ்த்துத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.

“அந்தப் பொண்ணு திரும்ப இந்த வழியா வந்தா, நான் பரிமாறட்டுமா?” என்று தாண்டவமூர்த்தி கேட்டார்.

சாமியம்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவந்தி தேய்ப்பதை நிறுத்தவில்லை.